எதிர்ப்பக்கம் காட்டிய அம்பு

காலை பதினொன்று பத்துக்கு அண்ணன் போன் செய்தார். அப்போது ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உன் அண்ணி போயிட்டாம்மா. பட்டறையிலயே. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தா, அவ்வளவுதான்."

திருகை முடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கடையை மூடினேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

அண்ணி நியான் விளக்கு செய்பவர். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் மாட்டிய ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக்கொள்வார். நெருப்பில் இளகியதும் வளைத்து, மெல்ல ஓர் ஊது. ஊதாவிட்டால் வளைவு நசுங்கிவிடும். "உங்க அண்ணி வாயில குழாய் இருக்கிறப்பதான் நாம பேசி ஜெயிக்க முடியும்" என்பார் அண்ணன்.

புருஷனைப் பிரிந்து வந்து நான் கடை வைத்தது ஒரு சந்துக்குள். நாலு மாதம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மூடினால் காலமெல்லாம் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கிடக்க வேண்டும்.

"சந்து முனையில விளக்கு வைப்போம். என் பொறுப்பு" என்றார் அண்ணி.

ஒரே குழாயில் மூக்குக்கண்ணாடி, அதன் கீழே அம்பு. பின்பக்கமிருந்து வளைப்பதால் வரைபடத்தைக் கவிழ்த்துப் போட வேண்டும். அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கதையையெல்லாம் அழுது கொட்டினேன். குழாயைக் கடித்தபடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தவர், படத்தைக் கவிழ்க்க மறந்துவிட்டார். மூக்குக்கண்ணாடி இடம்வலம் மாறினாலும் ஒன்றுதான், அம்பு அப்படியில்லை. மாட்டி எரியவிட்ட பிறகுதான் தெரிந்தது, அது எதிரே இருந்த முடிதிருத்தகத்தைக் காட்டியது.

மறுநாள் முடிதிருத்துபவர் வந்தார். "அக்கா, கண்ணாடி கேட்டு ஏழு பேர் வந்தாங்க. ரெண்டு பேருக்கு முடி வெட்டி, எல்லாரையும் இங்க அனுப்பியிருக்கேன்."

அன்றிலிருந்து கடை நிமிர்ந்தது. ஆறு வருடமாக என் வாடகை, என் சாப்பாடு, என் தனி வீடு எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான்.

"அம்பு அப்படியே இருக்கட்டும் அண்ணி, கடை நல்லாத்தானே நடக்குது" என்றால் கேட்கமாட்டார். "நாத்தனாருக்கு வழி தப்பாக் காட்டினவன்னு ஊர் என்னைப் பேசவா? வேற பண்ணித் தரேன், இரு."

அந்தக் கேலிக்கு நான் சிரிப்பேனே தவிர, நீங்கள் காட்டியது சரியான வழிதான் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

இன்று மாலை பட்டறைக்குள் போனேன். மேசைமேல் புதுக் குழாய். மூக்குக்கண்ணாடி, கீழே அம்பு, சரியான பக்கம். ஒரு முனைக்கு மின்முனை ஒட்டியாயிற்று. மறுமுனை திறந்திருக்கிறது, விளக்கை எரியவைக்கும் வாயுவை இன்னும் நிரப்பவில்லை.