கரகரப்பில்லாத வானொலி

தொண்ணூறுகளின் கடைசியில், பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் என் பக்கத்து வீட்டுக்காரர் தட்டு ஆண்டெனாவும் டிஜிட்டல் பெட்டியும் மாட்டி வானொலி கேட்டார். வெள்ளைப் பனியன், அடர்ந்த மீசை. பாட்டு தொடங்கியதும் வாசற்கதவை அகலத் திறந்துவைப்பார். என் பழைய ரேடியோ கரகரக்கும். அவருடையது துல்லியமாகப் பாடும். எனக்கு வயிறு எரியும்.

ஒரு மாலை அடைமழையில் அவர் வீட்டுப் பாட்டு நின்றது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். உடனே என் கதவைத் தட்டினார்.

“அண்ணே, மழை பேஞ்சா தட்டுல சிக்னல் வராது லா. மகளோட பிறந்தநாள் வாழ்த்து இப்ப வாசிப்பாங்க. உங்க ரேடியோவுல கேக்கலாமா?”

மனமில்லாமல் ஒலியைக் கூட்டினேன். கரகரப்பினூடே வாழ்த்துவோர் பெயர்கள் வந்தன: அப்பா, அம்மா, தம்பி, பிறகு பக்கத்து வீட்டு அங்கிள் என்று என் பெயர்.

அந்த டிஜிட்டல் பெட்டியைப் பின்னர் நானும் வாங்கிவிட்டேன். அவர் மனசுமேல் பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை.