துப்பறிவாளரின் மனைவி எங்கே?

எழுதியவர் காதுபடவே அவர் புத்தகத்தைத் திட்டும் பாக்கியம் எல்லா வாசகர்களுக்கும் கிடைத்துவிடாது. அந்த ஆறுமாடிக் கட்டடத்துக்காரர்களுக்குக் கிடைத்தது. லிஃப்டின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறாரே, அவர்தான் தாங்கள் அலசிப் பிழிந்துகொண்டிருக்கும் துப்பறியும் நாவலை எழுதியவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. அட்டையில் இருந்தது புனைபெயர். ஐந்தாம் மாடியில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிறவருக்கும் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் மட்டுமே விஷயம் தெரியும்.

"கொலைகாரன் யாருன்னு ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிட்டேன்" என்பார் வரி ஆலோசகர். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஜாதி இவர் என்று லிஃப்ட்காரர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். பல் டாக்டரிடம் வேலை செய்யும் நர்ஸுக்கோ அந்த நாவல் என்றால் உயிர். பஸ்ஸில் படித்து இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாளாம். "எல்லாம் வெறும் உருட்டு" என்றார் காப்பீட்டு ஏஜெண்ட். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காதைத் தீட்டிக்கொண்டு, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அவர் பொத்தானை அமுக்குவார்.

ஆளுக்கொரு நியாயம் பேசினாலும் ஒரே ஒரு கேள்வியில் எல்லாரும் ஒன்றுசேர்ந்தார்கள்.

"அது சரி, அந்தாளு பொண்டாட்டி எங்க போனா?"

நியாயமான கேள்விதான். நாவலில் வரும் தனியார் துப்பறிவாளருக்கு ஒரு மனைவி உண்டு. அவர் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று சொன்னால், உள்ளேயிருந்து "போயிட்டு வாங்க" என்று குரல் வரும். அதோடு நிற்காது. "கொலைகாரனைப் பிடிக்கிறது இருக்கட்டும், உங்க மூக்குக்கண்ணாடி எங்கன்னு முதல்ல துப்பறிங்க" என்று வாலும் ஒட்டிக்கொண்டு வரும். வாசகர்கள் சிரித்ததெல்லாம் அவளால்தான். பாதி நாவலுக்கு மேல் அந்த அம்மாள் இல்லை. செத்தாளா, பிறந்தவீட்டுக்குப் போனாளா, ஒரு வார்த்தை கிடையாது.

"எழுதினவன் மறந்துட்டான் சார். பொறுப்பில்லாத பய" என்றார் வரி ஆலோசகர்.

"ஓடிப்போயிருப்பா. பின்ன, அப்படி ஒருத்தர்கூட யாரு இருப்பா?" என்றார் ஏஜெண்ட். லிஃப்டே சிரித்தது. லிஃப்ட்காரரும் சிரிக்கிற மாதிரி வாயைக் கோணிக்கொண்டார். அன்றைக்கு அவர்களை வேறு மாடியில் இறக்கிவிட்டார்.

மறந்தாராம்! அந்த வசனம் ஒன்றுகூட அவர் எழுதியது இல்லை. எல்லாம் அவர் வீட்டுக்காரி பேசியது. எழுதியதை இரவு வாசித்துக் காட்டுவார். அவள் துணி மடித்தபடி கேட்டுவிட்டு, "துப்பு கெட்ட துப்பறிவாளர்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அது கதாபாத்திரத்துக்கா புருஷனுக்கா என்று அவர் கேட்டதில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கேலிதான் கலகலப்பு.

பதில் கேட்காமல் அவர் வாசல்படி தாண்டியதே கிடையாது. அன்றைக்கு மட்டும் நேரமாகிவிட்டது. "போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். உள்ளே குழாய் திறந்திருந்தது. அவள் பதில் சொன்னாளோ, தண்ணீர்ச் சத்தத்தில் அமுங்கியதோ, நின்று கேட்காமல் ஓடினார். மதியம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. மாரடைப்பு. அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"படுக்கையில கிடக்காம போயிட்டா, புண்ணியவதி" என்று வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவருக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது? அன்று காலையில் அவள் பதில் சொன்னாளா, இல்லையா?

பல மாதம் கழித்துத்தான் மீதி நாவலை எழுதினார். அவளைச் சாகடிக்கக் கை வரவில்லை. பேசவைக்கலாம் என்றால், வசனம் சொல்ல ஆள் இல்லை. பேசாமல் விட்டுவிட்டார்.

இப்போது பதிப்பாளர் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ரெண்டாம் பதிப்பு போடறோம். வர்ற கருத்துல பாதி அந்தம்மாவைப் பத்தித்தான். செத்துட்டாங்கன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சு போச்சு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த ஒரு வரிக்காக லிஃப்ட்காரர் ஒரு வாரம் கிடந்து தவித்தார். 'அவள் இற...' என்று பாதி எழுதுவார், அடித்துவிடுவார். கடைசியில் நாவலின் முடிவில் கொஞ்சம் சேர்த்தார். துப்பறிவாளர் அடுத்த வழக்குக்குக் கிளம்புகிறார், வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்கிறார், படியிறங்குகிறார். 'பதில் வரவில்லை' என்று எழுதத்தான் போனார், முடியவில்லை. புரிந்துகொள்கிறவர்கள் புரிந்துகொள்ளட்டும் என்று அப்படியே கொடுத்துவிட்டார்.

புரூஃப் பார்க்கும் பெண் தாள்களோடு லிஃப்டில் ஏறினாள். புதிதாகச் சேர்ந்தவள்; அவர் வீட்டுக் கதை தெரியாது.

"அண்ணா, கடைசிப் பக்கத்துல ஒரு வரி விட்டுப்போச்சு. நானே போட்டுட்டேன், சரியான்னு பாருங்க."

"எந்த வரிம்மா?"

"அவர் சொன்னதும் எப்பவும் அந்தம்மா பதில் சொல்வாங்கல்ல? இதுல மட்டும் காணோம். அவசரத்துல விட்டிருப்பீங்க."

தாளை வாங்கிப் பார்த்தார். 'போயிட்டு வரேன்' என்பதற்குக் கீழே, சிவப்பு மையில், சின்ன எழுத்தில்: "போயிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை, முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண்ணுக்கு முன்னால் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவள் பயந்துபோனாள். "தப்பா போட்டுட்டேனா அண்ணா? அடிச்சிடட்டுமா?"

"வேண்டாம்மா, இருக்கட்டும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ சொல்லித்தான் இருப்பா. எனக்குத்தான் கேக்கல."

மூன்றாம் மாடியில் யாரோ விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பொத்தானை அமுக்கினார்.