மூன்றாம் சுற்றில் ஒரு நெளிவு

இத்தனை வயதாகியும் அந்த மெட்டை யாராவது முணுமுணுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மெட்டு என்ன பாவம் செய்தது என்று வீட்டில் கேட்பார்கள். செய்ததுதான். மனிதர்களைத் திட்டினால் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்லித் தொலைக்க வேண்டும். மெட்டைத் திட்டினால் எந்தச் சாமியாரும் கேட்கப் போவதில்லை.

முப்பதுகளில் புதுச்சேரிக் கடற்கரையில் ஞாயிறு சாயங்காலம் பேண்டு வாசிப்பார்கள். கடைசி உருப்படி எப்போதும் ஒன்றேதான். பட்டாளத்திலிருந்து வந்த பேண்டுத் தலைவர் தாமே கட்டியது. அதில் பல்லவி கிடையாது, சரணம் கிடையாது, மொத்தமும் ஒரே ஒரு மெட்டு. முதலில் தம்பூர் மட்டும் ஆரம்பிக்கும். தோளில் மாட்டி அடிக்கிற சின்ன மேளத்தைத்தான் எங்கள் ஊரில் தம்பூர் என்பது. அரிசி புடைக்கிற சத்தம்தான் வரும். அதன் மேல் புல்லாங்குழல் ஒரு சுற்று. இரண்டாம் சுற்று கிளாரினெட். மூன்றாம் சுற்று கொர்னே என்கிற குட்டை ஊதுகொம்பு. அப்புறம் இரண்டிரண்டாக, நாலு நாலாகச் சேர்ந்துகொள்வார்கள். மெட்டும் மாறாது, வேகமும் மாறாது, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். கடைசிச் சுற்றில் பெரிய மேளமும் தாளத்தட்டும் சேர்ந்து விழும்போது காக்கையெல்லாம் மரத்தை விட்டுக் கிளம்பும், கைக்குழந்தைகள் வீறிடும். ஊரில் அதற்கு ஏறுமெட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் சீட்டியடிக்காத வண்டிக்காரன் கிடையாது.

எனக்கு அப்போது பத்தொன்பது. நெல்லித்தோப்பிலிருந்து தினமும் நடந்து டவுனுக்குப் போய்க் கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் பூவேலை செய்துகொண்டிருந்தேன். சாரம் என்கிற பக்கத்து ஊரிலிருந்து வருகிற ஒருத்தி பாதி வழியில் சேர்ந்துகொள்வாள். கூடத்தில் எனக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. ஒரே கத்தரிக்கோல், ஒரே ஊறுகாய்த் துண்டு. கடற்கரைக்கும் சேர்ந்தேதான் போவோம், என் அம்மா காவலுக்கு வருவாள்.

ஒரு வருஷம் பேண்டுக்காரர்களின் சட்டைக் கழுத்துப்பட்டையில் ஜரிகை வேலை செய்ய மடத்துக்குக் கொடுத்தார்கள். கொர்னே ஊதுகிறவனுக்குக் கழுத்து இறுக்குகிறது என்று அவனே தூக்கிக்கொண்டு வந்தான். மீசையும் ஆளும், கொஞ்சம் பார்க்கிற மாதிரிதான் இருப்பான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். கூடத்தைக் கவனிக்கிற மதர் நூல் எடுக்க உள்ளே போன நேரத்தில் குனிந்து சொன்னான்:

“ஞாயித்துக்கிழமை மூணாவது சுத்து நல்லா கேளு. நடுவுல ஒரு நெளிவு போடுவேன். யாருக்கும் தெரியாது. அது ஒனக்கு மட்டும்.”

போட்டான். மெட்டு மேலே ஏறி ஓர் இடத்தில் நீட்டி நிற்க வேண்டும். புல்லாங்குழலும் கிளாரினெட்டும் அப்படித்தான் நின்றன. இவன் மட்டும் அதைச் சட்டென்று உடைத்து, ஒரு குட்டி நெளிவு நெளித்து, மறுபடி பிடித்தான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இரண்டு வருஷம், மழை பெய்த ஞாயிறுகள் போக, ஒரு வாரம் தவறாமல் அந்த நெளிவு வந்தது. அதற்கு முன்னால் அது இருந்ததா என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான்தான் அதுவரை மூன்றாம் சுற்றைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லையே.

நேரில் பேசியது சொற்பம். கோயில் வாசலில் நாலு வார்த்தை, மடத்துச் சுவரோரம் ஆறு வார்த்தை. “எப்ப வீட்டுல வந்து பேசப்போறீங்க?” என்று கேட்டால் அவனுக்குத் திருச்சபைக் காலண்டர் முழுக்க மனப்பாடம். “தபசுகாலம் வருதே, இப்ப எப்படிக் கல்யாணம் பேசறது? பாஸ்கா முடியட்டும்” என்பான். பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்தால் அறுவடை, அறுவடை முடிந்தால் மழை, மழை விட்டால் திருவருகைக் காலம் வந்துவிடும், அப்போதும் கல்யாணம் கிடையாது. நானும் பெரிய புத்திசாலி மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஆசை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இரண்டாவது வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்ததும் சைகோனிலிருந்து லீவில் வந்த ஒருவர் என்னைப் பெண் கேட்டு வந்தார். அங்கே ஆபீசில் கணக்குப்பிள்ளை வேலை. அமரிக்கையான ஆள். காப்பியைக் கொடுத்தபோது, “இன்னும் கொஞ்சம் சர்க்கரை கெடைக்குமா?” என்று கேட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் சர்க்கரை கேட்கிற மனுஷன் பொய் பேசமாட்டான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது என் காதில் கொர்னே அல்லவா ஊதிக்கொண்டிருந்தது! மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். அம்மா, “கெட்டிக்காரின்னு நெனச்சேன், கழுத! பின்னாடி கெடந்து அழப்போற பாரு” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காரணத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை, சாரத்துக்காரிக்குக்கூட. அவளும் துருவிக் கேட்கவில்லை. “கப்பலேறி அவ்ளோ தூரம் போயி யாரு மாரடிக்கறது? வேணாம்னா வேணாந்தான்டி” என்று எனக்குப் பரிந்து பேசினாள்.

பாஸ்கா முடிந்த வாரம். கூடத்தில் ஒரு மேசை விரிப்புக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தோம். அவள் வாய்க்குள் ஏறுமெட்டை முணுமுணுத்தாள். மேலே ஏறி நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டாமல், உடைத்து, அந்த நெளிவை நெளித்தாள். நெளித்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

“அது இன்னாடி நடுவுல?” என்றேன்.

“யாருகிட்டயும் சொல்லமாட்டியே? சத்தியமா? மூணாவது சுத்துல அவரு எனக்குன்னு போடறது. ஒனக்கு மட்டும்னு சொன்னாரு.”

வார்த்தைகூட மாற்றவில்லை, படுபாவி! எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்லியிருக்கிறான். நானும் என் கதையைச் சொன்னேன். இருவரும் துணி கசங்கக் கசங்க அழுதோம். இரண்டு வருஷமாகக் கடற்கரையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே நொடியில் இரண்டு பேரும் தனித்தனியாகத் தலையைக் குனிந்து வெட்கப்பட்டிருக்கிறோம். என் அம்மா நடுவில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

தம்பூர் அடிக்கிறவர் எனக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. அன்றைக்கே இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவன் இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்துகொள்ளும் வெறி எனக்கு. நேராகக் கேட்க வெட்கம், அதனால், “பெரியப்பா, மூணாவது சுத்துல கொர்னே மட்டும் ஏன் அங்க ஒரு நெளிவு நெளிக்குது?” என்று கேட்டேன்.

பெரியப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அத்த ஏன் கேக்கற! அவனுக்கு மூச்சு பத்தாதும்மா. ஒரே மூச்சா இழுக்க வேண்டிய எடம் அது. பேண்டுல சேந்த நாள்லேருந்து அங்க ஒடச்சு, ஒரு வாய் மூச்சு வாங்கிக்கினு, தெரியாம இருக்க நெளிச்சு உடறான். தலைவரு திட்டித் திட்டி ஓஞ்சிபுட்டாரு.”

வேறு பத்துப் பெண்களுக்குச் சொன்னான் என்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது யாருக்குமே இல்லை. அவனுடைய நெஞ்சில் காற்று இல்லை, அவ்வளவுதான். அதற்காக நான் ஒரு நல்ல மனுஷனைத் திருப்பி அனுப்பினேன். நடுத்தெருவில் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அந்த சைகோன்காரரு கெளம்பிட்டாராடி?”

“இல்ல. தவளக்குப்பத்துல அக்கா வூட்டுல இருக்காராம். கப்பலுக்கு இன்னும் ஒண்ணர மாசம் இருக்குதாம்.”

“எங்கம்மாவ உட்டுப் பேசச் சொல்றேன். நீ ஒண்ணும் கவலப்படாத.”

என் வீட்டில் எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தவளுக்கு அது தேவவாக்காக இருந்தது. கூட்டுரோட்டிலிருந்து எந்தச் சந்து, கிணற்றுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று அடையாளம் எல்லாம் நானே சொன்னேன். காப்பிக்குச் சர்க்கரை கூட வேண்டும் என்றுகூடச் சொல்லிவைத்தேன். அவள் அம்மா போனாள். “பேசியிருக்குது, பாக்கலாம்” என்று மட்டும் சொன்னாள் இவள்.

எங்கள் சனங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. சாரத்துக்காரர்களும் எங்கள் கோயிலுக்குத்தான் வருவார்கள். அடுத்த ஞாயிறு பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்து, என் பெயரை எப்போது வாசிப்பார்களோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்போடு கேட்டுக்கொண்டிருந்தேன். சைகோன்காரரின் பெயரை வாசித்தார்கள். அடுத்து அவள் பெயரை வாசித்தார்கள்.

பூசை முடிந்து வாசலில் மடக்கினேன். “அடிப்பாவி, எனக்காகப் பேசச் சொல்றேன்னு சொன்னியேடி!”

“எங்கம்மா ஒனக்காகத்தான் போச்சு. அவங்கதான் ஒரு தடவ வேணாம்னவ வேணாம்னுட்டாங்க. அப்புறம் என்னைக் கேட்டாங்க. நான் இன்னா பண்றது? நீதான வேணாம்ன?”

நியாயமாகப் பேசுகிறவர்களிடம் என்ன சண்டை போடுவது? அவள் சொன்னது நிஜமா பொய்யா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாயைப் பாதி கடித்துத் தந்தாளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா. அதைத்தான் நான் மன்னிக்கவில்லை.

இரண்டாம் ஓலையும் ஆயிற்று. மூன்றாம் ஓலை அன்று, “தடை தெரிந்தவர்கள்” என்று சாமியார் வாசித்ததும் நான் எழுந்து நின்றேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. கொர்னேக்காரனுக்காக இரண்டு வருஷம் வெட்கப்பட்டவள் இவள் என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். மூன்றாவது வரிசையில் அவள் முகம் வெளுத்துப்போய் என்னையே பார்த்தது. சொல்ல வாயைத் திறந்தேன்.

“என்னம்மா?” என்றார் சாமியார்.

“ஒண்ணுமில்ல சாமி. காலு மரத்துப்போச்சு.”

சுற்றிலும் சிரித்தார்கள். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அன்று சாயங்காலம் நான் கடற்கரைக்குப் போனேன். யாருக்கும் பயந்து வீட்டில் பதுங்கியிருக்க மாட்டேன் என்ற வீம்புதான். சாரத்துக்காரி வரவில்லை, கல்யாண வேலை இருந்திருக்கும். அம்மா கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். புல்லாங்குழல் முடிந்து, கிளாரினெட் முடிந்து, கொர்னே எழுந்தது. அந்த இடத்தில் அவன் உடைத்தான், மூச்சு வாங்கினான், நெளித்தான். வாங்கிய சத்தம்கூட இப்போது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நெளித்துவிட்டு, வழக்கம்போல, எங்கள் பெஞ்சைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தான். அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன். கடைசியில் அது எனக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.