டவர் தெரிந்த மாதங்கள்

இன்டர்நெட் கம்பெனியின் வரைபடத்தில் தேவாலா பக்கம் முழுக்க, சிக்னல் உண்டு என்று பச்சை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில் எங்கள் வீடு அந்தப் பச்சைக்கு நட்டநடுவில் இருந்தது. அதை நம்பித்தான் கூரையில் சிக்னல் பிடிக்கும் வெள்ளைப் பெட்டியை மாட்டினோம். கேபிள் வேண்டாம், எதிர்மலை டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றார்கள்.

மாட்டியது ஜூன் மாதம். டவர் பளிச்சென்று தெரிந்தது, ஸ்பீடு முப்பது காட்டியது. கோயம்புத்தூர் ஆபீஸ் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பொருள் வாங்கியவர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை. தினமும் காலை ஒன்பதுக்கு ஸ்பீடு அளந்து படம் அனுப்ப வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து பத்துக்குக் கீழே போனால் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும். எனக்கு ஐந்து வயது மகள். கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட். அந்தப் பத்து என்ற எண்ணைப் பார்த்தே பயந்து கிடந்தேன்.

மழை வந்தால் நெட் போய்விடும் என்று லைனில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். கொட்டித் தீர்த்த ஆடியிலும் இருபதுக்குக் குறையவில்லை. போனது, வானம் துடைத்துவிட்டது போலிருந்த ஜனவரியில். பதினெட்டு, பதினான்கு, பதினொன்று. ஒயரை மாற்றினேன். நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்டுவிட்டு, என் புகாருக்காக கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டுக் காத்திருந்தேன். அலுத்துப்போனது. ஒருவழியாக வந்த ஆள் கூரையில் ஏறி எதிர்மலையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு இறங்கினார்.

"மரம் தழைச்சிருச்சுங்க. டவரே தெரியல. நான் என்ன பண்றது?"

சில்வர் ஓக். தேயிலைக்கு நிழல் மரம். மழைக்கு முன்னால், மே மாதத்தில்தான் அதன் கிளைகளைக் கழிப்பார்கள். நாங்கள் பெட்டி மாட்டியது மரம் மொட்டையாக நின்ற நேரம். இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவள் நான். வருஷம் தவறாமல் அந்தக் கிளைகளை விறகுக்கு இழுத்து வந்திருக்கிறேன். எனக்கே தோன்றவில்லை. வரைபடம் போட்டவரைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை?

எஸ்டேட் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். ஒரே மரம், இரண்டே கிளை என்றேன். கெட்டவர் இல்லை அவர். வெயில் காலத்தில் நிழலை எடுத்தால் செடி கருகும், உனக்குச் செய்தால் லைனே வந்து நிற்கும் என்றார். மே வரை பொறுக்கச் சொன்னார்.

மார்ச்சில் ஒரு வாரம், ஏழு நாளும் எட்டைத் தாண்டவில்லை. பையைக் கட்டினேன். ஏன் போகிறாய் என்று கேட்ட மகளிடம், மரம் மறைக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஆபீசில் உட்கார்ந்துவிட்டால் வீட்டிலிருந்து பார்க்கும் வேலை திரும்பக் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூரில் தங்கிய ஹாஸ்டலிலிருந்து தினமும் மாலை வீடியோவில் பேசுவேன். படம் நின்று நின்று வரும். மகளின் கேள்விக்குப் பதில் இல்லாதபோது, சரியாகக் கேட்கவில்லை என்பேன். பாதி நாள் அது உண்மை.

மே கடைசியில் ஒரு மாலை, படம் நிற்காமல் வந்தது. அவள் அப்பா எடுத்துவிட்டிருந்த கோணல் வகிடுகூடத் தெரிந்தது. போனோடு வாசலுக்கு ஓடி மரத்தைக் காட்டினாள். ஸ்பீடு முப்பத்தொன்று என்று கணவர் பின்னாலிருந்து சொன்னார்.

"மரத்த வெட்டிட்டாங்கம்மா. இனி வந்துரலாம்ல?"

கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே என் முகமும் அதே தெளிவில் தெரிந்துகொண்டிருந்தது.