ஈவர் ப்ரோக்மானின் வெற்றுப் பத்தி

நார்வேயின் தென்கரையில் எங்கள் ஊருக்கு முதன்முதலில் செய்தித்தாள் கொண்டுவந்தவர் ஈவர் ப்ரோக்மான். அவருடைய பழைய இதழ்களைப் புரட்டினால் சிலவற்றில் பாதிப் பத்தி வெறுமையாகக் கிடக்கும். சோம்பேறி என்று சிரிப்பவர்கள் உண்டு. இந்தக் கதை தெரியும்வரை நானும் சிரித்திருக்கிறேன்.

ஈவர், கயிறு திரிப்பவரின் மகன். கோபன்ஹேகன் அச்சகத்தில் ஏழு வருடம் எழுத்துக் கோத்துவிட்டு, அந்நாளில் நார்வேயையும் ஆண்ட டென்மார்க் அரசரின் அனுமதிக் கடிதத்தோடும் ஓர் அச்சுப்பொறியோடும் திரும்பினார். வெள்ளிதோறும் நான்கு பக்கம். அதுவரை ஊர்ச் சேதி எல்லாம் ஞாயிறு வழிபாடு முடிந்ததும் தேவாலய மேட்டுக் கல்லில் ஏறி மணியடிப்பவர் ஓலுஃப் கத்துவதுதான்.

"என் தாளுக்குத் தொண்டை கட்டாதுண்ணே" என்று ஈவர் அவரைச் சீண்டுவார்.

"கட்டாது. ஆனா எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி அதுக்குத் தெரியாது தம்பி" என்பார் ஓலுஃப்.

ஓர் ஏப்ரலில் காற்று எதிராக அடித்தது. கோபன்ஹேகன் தபால் கப்பல் வரவில்லை. வெளிநாட்டுச் சேதி இல்லாமல் மூன்றாம் பக்கத்தில் அரைப் பத்தி காலி. ஒரு வணிகர் வீட்டில் வெள்ளிக் கரண்டி தொலைந்ததாக இரண்டு வரி விளம்பரம் வந்திருந்தது. வழக்கமாக அதை அப்படியே போடுவார். அன்று இடம் நிரப்ப, மீன் சந்தையில் காதில் விழுந்ததையும் சேர்த்தார்: பணிப்பெண் பெர்த்தே அலமாரிப் பக்கம் நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு என்று. வாக்கியம் அழகாக அமைந்ததாக நினைத்துக்கொண்டார்.

இதழ் வெளிவந்த மறுநாளே கரண்டி கிடைத்தது, மீன் ஊறிய பீப்பாயின் அடியில்.

அன்று பிற்பகல் பெர்த்தே அச்சுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"கிடைச்சிருச்சு ஐயா."

"கேள்விப்பட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை போட்டுடறேன்."

"செவ்வாய்க்கிழமை வேலைக்காரங்க எஜமான் வீடு மாறுற நாள். கப்பல் தலைவர் வீட்டுல என்னை எடுக்கிறதா இருந்தாங்க. இப்ப யோசிக்கிறாங்களாம். வெள்ளிக்கிழமை நான் எந்த மாட்டுக்கொட்டாய்ல இருப்பேனோ?"

அவர் எழுத்துப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஞாயிறு. கல்லு அங்கதான இருக்கு, ஏறிச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிறன்று ஓலுஃப் காணாமல் போன பசுவையும் புது வரியையும் அறிவித்துவிட்டு இறங்கினார். எதுவும் சீண்டாமல் கைகொடுத்து ஈவரை ஏற்றிவிட்டார். சீண்டியிருந்தால் தேவலை. ஈவர் எழுதி வந்ததை வாசித்தார். "கரண்டி கிடைத்துவிட்டது. பெர்த்தே குற்றமற்றவள். இதழில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது."

"சத்தமா படிய்யா, உன் பேப்பர் மாதிரி முணுமுணுக்காத!" என்றான் ஒரு மீனவன்.

"அதென்ன நேர்ந்துச்சு? தானா வந்து அச்சுல உக்காந்துக்கிச்சா?" என்றாள் கூடைக்காரி ஒருத்தி. கூட்டம் சிரித்தது. பெர்த்தே சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

ஈவர் தாளை மடித்தார். "கப்பல் வரல. இடம் காலியா இருந்துச்சு. நான்தான் சேர்த்தேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

கப்பல் தலைவரின் மனைவி பெர்த்தேயிடம் வந்து கையைப் பிடித்தாள். "நேத்தே வேற பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேம்மா. எனக்கே கஷ்டமா இருக்கு."

இனி பெர்த்தேக்கு ஊரில் இடமில்லை. கிழக்கே அக்கா இருக்கும் ஊருக்குப் படகேற வேண்டியதுதான். அங்கேயும் அந்த இதழ் போயிருக்கும்.

"நற்சான்று அச்சடிச்சுத் தர்றேன். நல்ல தாள்ல" என்றார் ஈவர்.

"அச்சு வேண்டாம் ஐயா. அதுல யார் சொன்னதுன்னு தெரியாது. உங்க கையால எழுதிக் குடுங்க."

அச்சுக்கூடத்தில் அவர் மூன்று தாள்களைக் கெடுத்தார். அவள் உட்காராமல் நின்றாள். நான்காவதை வாங்கிப் பார்த்தாள். ஞான உபதேச வகுப்பில் அச்செழுத்து படிக்கக் கற்றவள். தன்னைப் பற்றிய அந்த வரியை அவளே படித்திருந்தாள். கையெழுத்து அவளுக்குப் புரியாது. தாளை எடுத்துக்கொண்டு நேரே மணிக்கூண்டுக்கு நடந்தாள். ஈவரும் பின்னால் போனார், ஏனென்று தெரியாமல்.

ஓலுஃப் வாய்விட்டு வாசித்தார். ஈவர் நான்கடி தள்ளி, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அவரா எதையும் சேர்க்கலையே?" என்று ஓலுஃபிடம் கேட்டாள் பெர்த்தே.

ஓலுஃப் இன்னொரு முறை முதலிலிருந்து படித்துப் பார்த்தார். "இல்லம்மா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.