ஆளுக்கு ஒரு படி அரிசி

அந்த வருஷம் யாரும் நிலம் வாங்கவில்லை. விற்க நினைத்தவர்களுக்கும் விலை கேட்க ஆள் இல்லை. ஊரெல்லாம் காசு வறண்டு கிடந்தது. என் அப்பா பத்திரம் எழுதுகிறவர். காலையில் குளித்து, பொட்டிட்டு, மைக்கூட்டோடு ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல் மரத்தடிக்குப் போவார். மாலையில் அதே மையோடு திரும்பி வருவார். "இன்னைக்குக் கூட்டம் கம்மி" என்பார், ஏதோ நேற்று கூட்டம் நெரிந்தது போல.

தல்லாகுளத்தில், அழகர் வரும் சாலையைப் பார்த்த ஒரு மாடி வீட்டின் பின்கட்டில் நாங்கள் இருந்தோம். வீடு எங்களுடையது அல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கீழமாசி வீதியில் பருப்பு மண்டி வைத்திருந்த முதலாளி ஒருவர் காற்றாட இருக்கலாம் என்று கட்டியது. கட்டி முடித்தபின் காற்று வாங்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வீட்டைப் பெருக்கி, விளக்கேற்றி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் எங்களுக்கு வாடகை கிடையாது. ஒரே நிபந்தனை, மாடிக்கு யாரும் போகக் கூடாது. வாரம் ஒருமுறை பெருக்குவதற்காக மட்டும் சாவி அம்மாவிடம் இருந்தது.

எங்களோடு சித்தியும் இருந்தாள். அம்மாவின் தங்கை. சித்தப்பா கொழும்புக்குப் போயிருந்தார். முதலில் பணம் நின்றது, பிறகு கடிதமும் நின்றது. சித்தி அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. வாய்ச் சொல்லாலேயே ஒரு குடும்பத்தை நடத்திவிடக் கூடியவள் அவள். அந்தப் பங்குனி முழுக்க எங்கள் வீட்டில் மூன்று வேளையும் கேப்பைக் கூழ்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. சோறு என்ற சொல்லைக் கேட்டாலே வாயில் தண்ணீர் ஊறும்.

சித்திரைத் திருவிழா நெருங்கியதும் சித்தி ஒரு யோசனையோடு வந்தாள்.

"அக்கா, மேல வராந்தா சும்மாத்தானே பூட்டிக் கெடக்கு? அதுல நின்னா அழகரு மூஞ்சி பக்கத்துல தெரியும்."

"அதுக்கு?"

"வண்டி கட்டி வாரவளுக பிள்ளைய வச்சுக்கிட்டுக் கூட்டத்துல நசுங்குறாளுக. நம்ம மாடியில நின்னு பாத்துட்டுப் போகட்டும். ஆளுக்கு ஒரு படி அரிசி."

அம்மா பதறிப் போனாள். "மொதலாளிக்குத் தெரிஞ்சா சட்டி பானையோட தெருவுலதான் நிப்போம்."

"அவரு என்னைக்கு இங்க வந்து சாமி பாத்தாரு? ஆத்தங்கரை மண்டபத்துல விசிறிக்காரன வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

அம்மா எழுந்து போய்க் கேப்பை மாவுப் பானையைத் திறந்து பார்த்தாள். மூடினாள். பிறகு மாடத்திலிருந்த மாடிச் சாவியை எடுத்துச் சித்தியின் கையில் வைத்தாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கௌரவம் பார்க்கிறவர். அழகரை ஊர் எல்லையில் எதிர்கொண்டழைக்கும் எதிர்சேவை அன்று காலையிலேயே, "மூணுமாவடியில போயி நின்னாத்தான் மொதத் தரிசனம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு சித்தி வாசலில் நின்றாள். வீட்டுக்காரியே தோற்றுப்போவாள், அப்படி ஒரு தோரணை. அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வந்தவர்களிடம் காசு இல்லை, அரிசி இருந்தது. திருவிழா முடியும்வரை ஆற்றங்கரையில் பொங்கித் தின்ன வண்டியில் கொண்டு வந்திருந்தார்கள். சித்தி படியால் அளந்து போட, நான் கோணிப்பையின் வாயைப் பிடித்துக்கொண்டேன். அரிசி விழுகிற சத்தம் அவ்வளவு அழகானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

காதில் பாம்படம் ஆடிய ஒரு பெரிய உடம்புக்காரி பேரம் பேசினாள். "பிள்ளைக்குமா ஒரு படி?"

"இடுப்புல இருந்தாச் சும்மா. எறக்கிவிட்டா அரைப்படி" என்றாள் சித்தி.

அந்த அம்மாள் ஏழு வயதுப் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். அவன் கால்கள் அவளுடைய முழங்காலுக்குக் கீழே தொங்கின. பிற்பகல் முழுவதும் அவனை இறக்கவே இல்லை.

வெயில் தாழ்வதற்குள் ஒரு மூட்டை நிரம்பி மாடிப்படிக்கு அடியில் நின்றது. முக்கால்வாசி நிரம்பிய இரண்டாவது மூட்டையை அம்மா பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். அந்த நேரத்தில்தான், கூட்டத்தைக் குடையால் விலக்கிக்கொண்டு முதலாளி வந்தார். பின்னால் அவர் மனைவி. வீடு கட்டி இத்தனை வருஷமாகியும் சொந்த மாடியிலிருந்து அழகரைப் பார்த்ததில்லை என்று அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்தாளாம். குதிரை வண்டி கூட்டத்தில் நகராமல் போகவே, பாதி வழி நடந்தே வந்திருந்தார்கள்.

முதலாளி அண்ணாந்து மாடியைப் பார்த்தார். வராந்தா முழுக்கப் பெண்கள். ஒருத்தி வெற்றிலை எச்சிலைத் துப்ப இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"யாரு இவங்கள்லாம்? மாடியத் தெறந்தது யாரு?"

சத்தம் கேட்டு அம்மா பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். சித்தி ஒரு நொடிதான் யோசித்தாள். அப்படியே திரும்பி மாடியைப் பார்த்துக் கூவினாள்:

"ஏ ஆத்தா! இவுகதான் வீட்டுக்கார மொதலாளி! பொம்பளைக நசுங்காம சாமி பாக்கணும்னு மாடியத் தெறந்துவிட்ட மகராசன்!"

மாடியிலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. பெண்கள் திமுதிமுவென்று இறங்கி வந்து அவர் காலில் விழுந்தார்கள். பாம்படக்காரி அப்போதுதான் மகனை இறக்கி, "என் பிள்ள தலையில கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி" என்றாள். முதலாளி திகைத்துப்போய்க் குடையை மடக்கினார். பையனின் தலையில் கையை வைத்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்ததை நான் பார்த்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவர் கண் மாடிப்படிக்கு அடியில் போனது.

"இது என்ன மூட்டை?"

சித்திக்கு முதல் தடவையாக வாய் அடைத்துப் போனது. அதுவரை ஒரு பொய்யும் சொல்லி அறியாத அம்மா முந்திக்கொண்டாள். "அன்னதானத்துக்குங்க. உங்க பேருல போடச் சொல்லி ஆளுக்கு ஒரு படி குடுத்திருக்காக."

"அப்படியா! பின்ன ஏன் இன்னும் அடுப்புப் பத்தவைக்கல? சாமி வரும்போது நம்ம வாசல்ல எலை விழுந்திருக்கணும்."

புளியும் நல்லெண்ணெயும் தன் செலவு என்றார். அண்டாக்களுக்கு ஆள் அனுப்பினார். கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டி, அந்த ஒரு மூட்டை அரிசியையும் அம்மாவும் சித்தியும் வடித்துப் புளியோதரை கிளறினார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. வரிசையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, மூச்சு முட்டத் தின்றேன்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது முதலாளியம்மா எங்கள் சமையலிடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பிறகு, மூலையிலிருந்த இரண்டாவது மூட்டையின் மேல் பட்டுப்புடவையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அது அரிசி மூட்டை. அது மேல உக்காரக் கூடாது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "காலையில என்ன சாப்பிட்ட?"

"கூழு."

"நேத்து?"

"நேத்தும் கூழுதான்."

"எனக்கு முட்டி வலிக்குது தாயி. எந்திரிக்க முடியல" என்றாள்.

வெளியே வேட்டுச் சத்தம் நெருங்கி வந்தது. அண்டா காலியாகிவிட்டது, கூட்டம் குறையவில்லை. "வேற அரிசி இல்லையா?" என்று முதலாளி கேட்டார். "இல்லீங்க" என்றாள் சித்தி.

எனக்குத் தெரிந்த ஒன்று சித்திக்குத் தெரியவில்லையே என்று பெருமையாக இருந்தது. "இருக்கு! உள்ள இன்னொரு மூட்டை இருக்கு. உங்க வீட்டம்மா அது மேல உக்காந்திருக்காங்க!"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

முதலாளி விறுவிறுவென்று உள்ளே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

"இது என் நேத்திக்கடன் அரிசி. நான் சொல்லித்தான் தனியா வச்சிருக்காக. இதத் தொடக் கூடாது."

"என்ன நேத்திக்கடன்? எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னாப் பலிக்காது."

சாமி காரியத்தில் அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. வெளியே போனார். அப்போது அழகர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். தீவட்டி வெளிச்சம் சுவரில் ஆடியது, "கோவிந்தா" என்ற சத்தத்தில் மாடியே அதிர்ந்தது. நான் ஓடிப்போய்ப் படியேறி, பாம்படக்காரியின் பக்கத்தில் இடம் பிடித்து, கண் நிறையப் பார்த்தேன். பல்லக்கு நகர்ந்து, கூட்டம் கலைந்து, நான் கீழே இறங்கி வந்தபோதும் முதலாளியம்மா அதே மூட்டை மேல்தான் உட்கார்ந்திருந்தாள். கணவர் வாசலில் இருந்து மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். அம்மா தெருமுனைவரை அவர்கள் பின்னாலேயே நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

அப்பா தரிசனம் முடித்து வந்தபோது வீடு பெருக்கி, மாடி பூட்டியிருந்தது. அவர் இலையில் சூடாகச் சோறு விழுந்தது. எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை; தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

நான் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். "அந்த மொதலாளியம்மாவுக்குப் பக்தியே இல்லம்மா. அம்புட்டுத் தூரம் நடந்து வந்துட்டு, சாமி வாசல்ல வந்து நிக்கும்போது எந்திரிச்சுக்கூடப் பாக்கல. சோம்பேறி."

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. அழக்கூடத் தோன்றாமல் சித்தியைப் பார்த்தேன். யாருக்காகவும் அழாத சித்தி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். அடி வாங்கியது நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.