மூன்றாம் தளத்துப் புல்

மில்பரோ பேஸ்பால் மைதானத்தில் புல் வளர்ப்பவர் வெர்ன் ஸ்டெக்கல். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. புல்லைக் குனிந்து பார்க்க மாட்டார். குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பார். புதிதாக வரும் ஆட்டக்காரர்கள் ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவருவதுண்டு.

ஜூலை மாதம் அணி வெளியூர் ஆட்டங்களுக்குக் கிளம்பிய அன்று, நிர்வாகி கார்லா ஹென்ஷா அவரைத் தேடி மைதானத்துக்கே வந்தாள். ஆளை எடுப்பதும் மாற்றுவதும் அவள் கையில்தான்.

"வெர்ன், ஹாலம்னு ஒருத்தன் கிடைப்பான் போல. போன வருஷம் முப்பது தடவை பந்தை வேலிக்கு வெளியே தூக்கி ஹோம் ரன் அடிச்சவன். ஆனா மூணாம் தளத்துல நிப்பாட்டினா காலு நகராது. கல்லுத்தூண்தான்."

"பதிலுக்கு யாரைக் கேக்குறாங்க?"

"டோபினை."

டோபின் ரியூஸ், மட்டை பிடிப்பவனுக்கு இடப்புறத்து மூலையான மூன்றாம் தளத்தில் நின்று பந்து தடுப்பவன். மட்டை பிடித்தால் சுமார்தான். ஆனால் தரையோடு சீறி வரும் பந்தைப் பாய்ந்து அள்ளுவதில் அவனுக்கு இணை இந்த ஊரில் இல்லை. வெர்னை "பெருசு" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்யும் உரிமையும் அவனுக்கு மட்டும்தான்.

"புல்லை உயரமா விட்டா பந்து மெதுவா வரும்ல? ஹாலம் சமாளிச்சுருவானா? ஆகும்னா ஆளை மாத்திடறேன். ஆகாதுன்னா டோபினே இருக்கட்டும். ஆளை மாத்துறதுக்கு அடுத்த வார வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட கெடு முடியுது."

'ஆகாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டோபின் தப்பித்துவிடுவான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் உண்மையிலேயே ஆகுமா ஆகாதா என்ற கேள்வி அவர் மண்டைக்குள் நண்டு மாதிரி ஊர ஆரம்பித்திருந்தது.

"பார்த்துட்டுச் சொல்றேன், மேடம்."

மூன்றாம் தளப் பக்கத்தை மட்டும் வெட்டாமல் விட்டார். பத்து நாளில் ஒரு அங்குலப் புல் இரண்டரை அங்குலம் ஆயிற்று. பழைய கூரைத் தகரம் ஒன்றைத் தள்ளுவண்டிமேல் சாய்த்துவைத்து, ஒரே உயரத்திலிருந்து பந்துகளை உருட்டினார். முதலில் குட்டைப் புல், பிறகு நெட்டைப் புல். கையில் நிறுத்துகடிகாரம். நாற்பது பந்து. நெட்டைப் புல்லில் அரை விநாடி தாமதம். கனத்த காலுக்கு அரை விநாடி என்றால் இரண்டு எட்டு. ஹாலம் தப்பித்துவிடுவான்.

தன் கையாலேயே டோபினுக்கு மூட்டை கட்டிவிட்டோமே என்று புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் கண்டதைத்தானே சொல்ல முடியும்?

வியாழக்கிழமை காலை அணி திரும்பிவந்து பயிற்சியில் இறங்கியது. மட்டை பிடித்த டோபின் ஓங்கி ஒரு பந்தைத் தரையோடு அடித்தான். வழக்கமாகப் புல்லைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடும் பந்து, பாதியிலேயே சோம்பல் முறித்தது. மூன்றாம் தளத்தில் நின்றவன் நிதானமாகக் குனிந்து எடுத்தான்.

"யோவ் பெருசு! புல்லு வளக்குறியா, மெத்தை தைக்குறியா? அடிக்கிற பந்தெல்லாம் படுத்துத் தூங்குது!"

வெர்ன் நிமிர்ந்தார். இந்த அணியில் வானத்துக்கு அடிப்பவன் எவன் இருக்கிறான்? எல்லாரும் தரையோடு அடித்து, பந்து ஆட்களுக்கு நடுவே நுழைந்து போகிற நேரத்தில் ஓடிப் பிழைப்பவர்கள். எதிராளி அடிக்கும்போது மெத்தையாக இருக்கும் புல், நம் ஆள் அடிக்கும்போது சுருட்டியா வைக்கப்போகிறது?

சட்டைப் பையில் கொறிக்க வைத்திருந்த சூரியகாந்தி விதையை எடுத்தார். குட்டைப் புல்லாக இருந்தால் தாண்டியிருக்கும் என்று தோன்றிய ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விதையை இன்னொரு பைக்கு மாற்றினார். பயிற்சி முடியும்போது அந்தப் பையில் பதினொன்று. நேராகக் கார்லாவின் மேசைக்குப் போய் அப்படியே கொட்டினார்.

"புல்லு ஹாலமைக் காப்பாத்தும் மேடம். அது நிஜம். ஆனா ஒரு காலைப் பயிற்சியில நம்ம ஆளுங்க அடிச்சு, தாண்டாம நின்ன பந்து இத்தனை."

கார்லா விதைகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். "டோபின்மேல இருக்கிற பாசத்துல ரெண்டு கூடப் போட்டீங்களா?"

"சந்தேகம் வந்த ரெண்டைத் தின்னுட்டேன். அதுபோக இது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு விதைகளை ஒரு குவியலாக்கினாள். "முப்பது ஹோம் ரன், வெர்ன்."

"அதை நிறுக்கிறது உங்க வேலை. என்கிட்ட கேட்டது புல்லு."

"ஒருத்தனுக்குப் பாய் விரிச்சா எட்டுப் பேரும் படுத்துருவாங்க போல," என்றாள் கார்லா. ஒரு விதையை வாயில் போட்டுக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். "புல்லை வெட்டிடுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெடு முடிந்தது. டோபின் மூன்றாம் தளத்தில் நின்று, காலால் தரையைத் தடவிப் பார்த்தான்.

"என்ன பெருசு, மொட்டை அடிச்சுட்ட? நேத்து மாடே மேயலாம் போல இருந்துச்சு!"

"மாடு ஒண்ணு வர்றதா இருந்துச்சு தம்பி," என்றார் வெர்ன். "வரலை."